பீரோவுக்குப் பதில் கொசு

"நீங்க பயறை மண்பானையில வேகவைப்பீங்களா, குக்கர்லயா?"

தெப்பிக் ஊரில், ஒரு வாடகை வீட்டு வாசலில் நின்றுகொண்டு டெல்ஃபினாவிடம் இப்படிக் கேட்டவள் அம்பாரோ. அதற்குமுன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அம்பாரோவின் ஒரு கையில் சாவிக்கொத்து இருந்தது. இன்னொரு கையில், வயிற்றைச் சுற்றிக் கம்பி கட்டிய மண்பானை. டெல்ஃபினாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தம்பிக்கோவிலிருந்து நாட்டின் குறுக்கே பஸ்ஸில் உட்கார்ந்தே வந்ததில் கணுக்கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. வாங்க என்பாள், தண்ணீர் குடிக்கிறீர்களா என்பாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள்.

"மண்பானையிலதான்" என்று சொல்லி வைத்தாள்.

"நல்லதாப் போச்சு. அப்ப இது இங்கயே இருக்கட்டும். விரிசல் விட்ட பானை, பஸ்ல போட்டா மிச்சமும் போயிடும். கம்பி இருக்கிற வரைக்கும் ஒழுகாது." பானையை அவள் கையில் திணித்துவிட்டு அம்பாரோ மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். "கேஸ்காரன் தெருமுனையோட போயிடுவான், கத்திக் கூப்பிடணும். குளியலறைக் குழாயை இடது பக்கம் திருப்பாதீங்க, கையோட வந்துடும். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், கடிக்காது. அதை வளர்க்கிற பொம்பளைதான் கடிப்பா."

இவ்வளவையும் சொல்லிவிட்டு, தம்பிக்கோ வீட்டில் என்னென்ன கோளாறு என்று கேட்டாள். மழை பெய்தால் சமையலறையில் ஒழுகும் என்றாள் டெல்ஃபினா. அம்பாரோ தலையை ஆட்டினாள். அவள் அங்கேதான் போகிறாள்.

இருவருடைய கணவர்களும் கால்பந்து ஆடிப் பிழைக்கிறவர்கள். இருவருமே முன்வரிசையில் நின்று கோல் அடிக்க வேண்டியவர்கள். டெல்ஃபினாவின் கணவன் நசாரியோவுக்குக் கால் மட்டும் நீளம். ஆட்டம் முழுக்க எதிரணிக் கோல்கீப்பரின் காதோரமே சுற்றிக்கொண்டிருப்பான் என்று அவனைக் கொசு என்றார்கள். அம்பாரோவின் கணவன் எரிபெர்த்தோ தோளும் முதுகுமாக இருப்பான். நான்கு பேர் தள்ளினாலும் நின்ற இடத்தில் நிற்பான். அவன் பெயர் பீரோ.

ஜூனிலும் டிசம்பரிலும் கிளப் முதலாளிகள் கடற்கரையோரம் ஒரு பெரிய ஓட்டலில் கூடி உட்கார்ந்து ஆட்களை விற்பார்கள், வாங்குவார்கள், மாற்றிக்கொள்வார்கள். ஆட்டக்காரர்களுக்கு அங்கே வேலை இல்லை. அவர்கள் வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஜூனில் தொலைபேசி அடிப்பதற்கு முன்பே ரேடியோ சொல்லிவிட்டது: பீரோவுக்குப் பதில் கொசு, நேருக்கு நேர். அடுத்த பயிற்சிக்கே ஆண்கள் புது ஊரில் இருந்தாக வேண்டும். வீடு, சாமான், பள்ளிக்கூடம், பால்காரன் எல்லாம் மனைவிமார் பாடு. ஆளுக்கொரு வீடு தேடி அலைவானேன், நீ என் வீட்டுக்கு வா, நான் உன் வீட்டுக்குப் போகிறேன் என்று பெண்களே தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

அன்று அம்பாரோ போன பிறகு டெல்ஃபினா உள்ளே வந்தாள். கூடத்தில் ஒன்றும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. கதவுக்குப் பக்கத்தில் மட்டும் அவளுடைய வீட்டுச் செருப்பு, நீல ரப்பர் செருப்பு, ஜோடியாக வைக்கப்பட்டிருந்தது. முன்னால் கிளம்பிய நசாரியோவின் பையில் அவள்தான் அதைத் திணித்து வைத்திருந்தாள், தன் பெட்டியில் இடமில்லை என்பதற்காக. அவன் அதை எடுத்து வாசலைப் பார்த்தாற்போல் வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். வீங்கின காலை அதில் நுழைத்தபோதுதான் அவளுக்கு அழுகை நின்றது.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. எந்த ஊருக்கு மாறினாலும் அவன் பையில் முதலில் போவது அவள் செருப்பு. அவன் கிளம்பிப் போனபின், சாமான் கட்டி முடித்துத் தானும் போய்ச் சேரும்வரை பழைய வீட்டில் அவள் வெறுங்காலோடு நடப்பாள். போய்ச் சேர்ந்ததும் வாசலில் செருப்பு இருக்கும். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. செருப்பு தேய்ந்தால் அதே நீலத்தில் வேறு வாங்குவாள்.

தெப்பிக்கிற்குப் பிறகு கொலிமா, புயெப்லா, சகத்தேகாஸ், மறுபடி வளைகுடாப் பக்கம், அப்புறம் பெயரைச் சொன்னாலே வியர்க்கிற தெற்கத்தி ஊர் ஒன்று. சகத்தேகாஸில் இருந்தபோது இரண்டாவது தடவையாகக் கொசுவுக்குப் பீரோ என்றார்கள். இந்தமுறை பெண்கள் சந்திக்க முடியவில்லை. சாவியைத் தெருக்கோடி ரொட்டிக் கடையில் கொடுத்துவிட்டு டெல்ஃபினா கிளம்பிவிட்டாள். கிளம்புமுன் அந்தப் பானையில் பயறு வேகவைத்து, அடுப்பிலேயே மூடி வைத்துவிட்டுப் போனாள். வந்து இறங்குகிறவளுக்குப் பசிக்கும் என்று அவளுக்குத் தெரியும். சில நாள் கழித்துத் தொலைபேசியில் அம்பாரோவின் குரல் வந்தது. "உப்பு கம்மி, கோமாத்ரே." ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி ஞானத்தாயாக நின்றால்தான் அப்படிக் கூப்பிடுவது வழக்கம். இவர்களுக்குள் அப்படி ஒரு பிள்ளையும் இல்லை. பானைதான் இருந்தது.

நசாரியோ பெரிய ஆட்டக்காரன் இல்லை. சின்னவனும் இல்லை. தேசிய அணிக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். போனான், பெஞ்சில் உட்கார்ந்தான், திரும்பி வந்தான். அங்கே கொடுத்த, வியர்வை படாத பச்சைச் சட்டை இன்னும் பாலித்தீன் உறையில்தான் இருக்கிறது. ஊர் அவனை நினைவு வைத்திருப்பது சகத்தேகாஸில் அடித்த ஒரே ஒரு கோலுக்காக. அது மட்டும் விழாமல் இருந்தால் அணி அந்த வருடம் இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கியிருக்கும். பந்து தன் முட்டியில் பட்டுத் தானாகப் போனது என்று முதலில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிப் பார்த்தான். கேட்டவர்கள் முகம் வாடிப்போனது. அதனால், மூலையைப் பார்த்துக் குறிவைத்துத்தான் அடித்தேன் என்று சொல்ல ஆரம்பித்தான். வருஷக்கணக்காக அதையே சொல்லி, அதைச் சொல்லும்போது குரலில் ஒரு களைப்பு வந்துவிட்டது. கேட்கிறவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியாக இராப்புவாத்தோ, இரண்டாவது டிவிஷன். இடது முட்டியில் நீர் கோத்து, ஊசியில் எடுத்து, மறுபடி கோத்து, பாதி ஆட்டம், கால் ஆட்டம் என்று இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு டிசம்பரில் தொலைபேசி அடிக்கவில்லை. அடுத்த ஜூனிலும் அடிக்கவில்லை. அப்படித்தான் அவன் ஓய்வு பெற்றான். மாலையும் இல்லை, மரியாதையும் இல்லை.

டெல்ஃபினா இன்னும் ஒரு டிசம்பர்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மிச்சப் பெட்டிகளைப் பிரித்தாள். பிறகு சுத்தியலை எடுத்துக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். மாட்டுவதற்குக் கையில் படம் எதுவும் இல்லை. கல்யாணமாகி அவள் சுவரில் அடித்த முதல் ஆணி அது.

அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஜெல்லி விற்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். விடியுமுன் எழுந்து பால் காய்ச்சி, வண்ணம் வண்ணமாக அடுக்கி உறையவைத்து, கண்ணாடிப் பெட்டியில் தூக்கிக்கொண்டு போவாள். அங்கே கொசுவின் பெண்டாட்டி என்று யாருக்கும் தெரியாது. ஜெல்லிக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரசவ வார்டு நர்ஸ் ஒருத்தி தினமும் போகிறபோக்கில், "நாளைக்கு வால்நட் போட்டது ஒண்ணு எனக்கு எடுத்து வைங்கம்மா" என்பாள். அந்த நாளைக்கு என்ற சொல்லை டெல்ஃபினா பெட்டியோடு சேர்த்து வீட்டுக்கு எடுத்து வருவாள். வேறு எந்த ஊரிலும் அவளை நம்பி நாளைக்கு என்று யாரும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நசாரியோ வழக்கம்போலச் செங்கல் சூளைக்காரர்களின் அணிக்கு ஆடிவிட்டு வந்தான். புல் இல்லாத புழுதி மைதானம். கோடு போடச் சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் சாம்பல் போடுவார்கள். மைதானத்து ஓரத்தில் பீர் குடிக்கிறவர்கள், "ஏ கொசு, இன்னும் கடிக்குமா, இல்ல மருந்தடிச்சாச்சா?" என்று கத்துவார்கள். அவன் கையைத் தூக்கிக் காட்டுவான். அன்று எவனோ இளவட்டம் முட்டியில் உதைத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க தாத்தா" என்றானாம். நசாரியோவுக்கு நாற்பத்தொரு வயது. தாத்தா என்ற வார்த்தையைத்தான் அவன் வரும்போது தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் யாரெலிக்குப் பதினேழு வயது. படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. சோள ரொட்டியைத் துணியில் சுற்றி டெல்ஃபினா நடுவில் வைக்கும்போது கைபேசி அடித்தது.

"ஹலோ, யாரு? எவாரிஸ்தோவா! அடப்பாவி, உயிரோடதான் இருக்கியா?" நசாரியோவின் முகம் மலர்ந்தது. எவாரிஸ்தோ அவனோடு புயெப்லாவில் ஆடிய கோல்கீப்பர். "ம்... ம்... யாரு, நானா? ம்... எப்பவா? செவ்வாய்க்கிழமை கிளம்பிடறேன். புதன்கிழமை காலையில மைதானத்துல நிப்பேன். சரிடா. சரி." போனை வைத்தான். ஒரு ரொட்டியை எடுத்துச் சுருட்டினான், கடிக்க மறந்தான். "வேலை. உதவிப் பயிற்சியாளர். மூணாவது டிவிஷன்தான். ஆனாலும் வேலை."

"எந்த ஊருப்பா?" என்றாள் யாரெலி.

அவன் வாயைத் திறந்தான். மூடினான். போனைப் பார்த்தான்.

"கேக்கலையா?"

"அவன் எப்ப வர்றேன்னு கேட்டான்..."

யாரெலிக்குச் சிரிப்பு பீறிட்டது. "அம்மா, இவரு ஊரே தெரியாம ஊருக்குப் போறாரும்மா! பஸ் ஸ்டாண்டு கவுண்டர்ல என்னப்பா சொல்லுவே? எங்கயாச்சும் ஒண்ணு குடுங்கன்னா?"

"சும்மா இருடி." அவனுக்கும் சிரிப்பு வந்தது. திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். "சாப்பிடப் போயிருப்பான். தின்னிப் பயல்."

யாரெலி சிரித்த மாதிரி டெல்ஃபினாவால் சிரிக்க முடியவில்லை. அவளுக்கு அது புதிதாகவே படவில்லை. எப்போது வருகிறாய் என்று கேட்டால் கிழமையைச் சொல்ல வேண்டும். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். எந்த ஊர் என்பது மற்றவர்கள் முடிவு செய்து சொல்வது.

எவாரிஸ்தோ திரும்பக் கூப்பிடும்வரை நசாரியோ சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வாசலில் உலாத்தினான். யாரெலி வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "தபாஸ்கோவா இருந்தா முதலை இருக்கும்ப்பா" என்று சீண்டிக்கொண்டிருந்தாள். டெல்ஃபினா சமைத்த பாத்திரங்களைத் துலக்க உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னம்மா பண்றே?" என்று யாரெலியின் குரல் பின்னாலிருந்து வந்தபோதுதான் தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கண்ணாடி டம்ளர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றின டம்ளர்கள் மேடைமேல் வரிசையாக நின்றன. வாயை உள்ளே மடித்து, அடியில் முறுக்கி, பஸ்ஸில் எவ்வளவு குலுக்கினாலும் உடையாத மாதிரி. எப்போது ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

எந்த ஊர் என்றுகூட இன்னும் தெரியாது. கை மட்டும் கிளம்பிவிட்டிருந்தது.

அந்த இடத்தில்தான் அவளுக்குள் ஏதோ உட்கார்ந்துவிட்டது. கோபம்கூட இல்லை. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, இனி ஓர் அடி எடுத்துவைக்க முடியாது என்று சாலையோரம் உட்கார்ந்துவிடுகிற ஆளைப் போல. நான் போகப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அலமாரியில் திரும்ப வைத்தாள்.

வாசலில் போன் அடித்தது. நசாரியோ உள்ளே வந்தான். "மொன்க்ளோவா. இரும்பாலை ஊரு." கொஞ்சம் தயங்கினான். "பீரோ இருந்த இடமாம், கிழவி. அவனை அனுப்பிட்டாங்களாம். கிளப் வீடு இருக்காம், அதுவும் நமக்குத்தான்."

கல்யாணமான புதிதிலிருந்தே அவன் அவளைக் கிழவி என்றுதான் கூப்பிடுவான். அந்த நாட்டு ஆண்கள் எல்லோரும் அப்படித்தான்.

"நான் வரல" என்றாள் யாரெலி. "இன்னும் ஒரு வருஷம். இங்கதான் முடிப்பேன். இதுவரைக்கும் எந்த ஸ்கூல்லயும் கடைசி வருஷ குரூப் போட்டோவுல நான் இல்ல. ஒண்ணு எடுத்து முடிச்சப்புறம் வந்திருக்கேன், இல்லன்னா எடுக்கிறதுக்கு முன்னால போயிருக்கேன்."

"அங்கயும் ஸ்கூல் இருக்கு மகளே. நீயும் அம்மாவும் ஈஸ்டர் முடிஞ்சு மெதுவா வாங்க."

"அம்மா, நீ சொல்லேன்."

இருவரும் டெல்ஃபினாவைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் போன் வந்ததிலிருந்து நசாரியோ நொண்டாமல் நடந்துகொண்டிருந்தான். அதையும் அவள் பார்த்திருந்தாள். "சாப்பாடு ஆறிப்போச்சு, சுட வைக்கறேன்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அவன் பாலித்தீன் பையில் ஐஸ் கட்டியைப் போட்டு முட்டியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் மறுநாள் ஜெல்லிக்கு வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள்.

"அங்க புல்லு இருக்காம்" என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நிஜப் புல்லு. எவாரிஸ்தோ சொன்னான். காலையில தண்ணி தெளிக்கிறாங்களாம்." ஐஸ் பையை இடம் மாற்றினான். "இந்தப் புழுதியில ஓடி ஓடி, மூச்சு விட்டா செங்கல் வாசனை வருது கிழவி. அந்த ஈரப் புல்லுல சும்மா நின்னா போதும். ஓடக்கூட வேண்டாம்."

அவள் சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். புல் வேண்டும் என்கிறவனை என்ன சொல்வது?

"நசாரியோ" என்று ஆரம்பித்தாள்.

கைபேசி அடித்தது. அவளுடையது.

"கோமாத்ரே, நான்தான்." அம்பாரோவின் குரல், பின்னால் டிவி சத்தம். "வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு. நான் மொரேலியாவுல என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். உங்க ஊரு வழியாத்தான் பஸ்ஸு. நாளைக்குக் காலையில இறங்கிக் குடுத்துட்டுப் போறேன். காபி மட்டும் போட்டு வை."

செவ்வாய்க்கிழமை காலை நசாரியோ முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தான். புது அணிக்குப் போகுமுன் அது அவன் வழக்கம். யாரெலி பள்ளிக்கூடத்தில். ஜெல்லிப் பெட்டி அன்று போகவில்லை. நர்ஸ் கேட்பாளே என்று டெல்ஃபினாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அம்பாரோ பருத்திருந்தாள். முடிக்குச் சாயம் பூசுவதை நிறுத்தியிருந்தாள். ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் துண்டில் சுற்றிய பானை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"பயறை மண்பானையில வேகவைப்பீங்களா, குக்கர்லயா?"

டெல்ஃபினா சிரித்துவிட்டாள். "அன்னிக்கு நான் பொய் சொன்னேன். எனக்கு மண்பானையே பழக்கம் கிடையாது."

"தெரியுமே. உன் பையிலேர்ந்து குக்கர் கைப்பிடி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துது." அம்பாரோ உள்ளே வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "பொய் சொல்லியாச்சும் வாங்கிக்கிறாளே, பாவம்னு குடுத்துட்டேன்."

காபியைக் குடித்தபடி அம்பாரோ வீட்டைச் சுற்றிலும் பார்த்தாள். கூடத்து ஆணியில் இப்போது யாரெலி சின்னவளாக இருந்தபோது சர்ச்சில் முதல் நன்மை வாங்கின படம் தொங்கியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எரிபெர்த்தோ எங்க?"

"அங்கதான். சோபாவுல." சாவியை மேசைமேல் வைத்தாள். "அவரைப் போகச் சொல்லி ஒரு வாரமாச்சு. வீட்டைக் காலி பண்ணுங்கன்னு கிளப்புலேர்ந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க. எந்திரிக்கவே இல்ல. சாப்பாடு அங்க, தூக்கம் அங்க. பீரோன்னு பேரு வச்சவன் வாயில சர்க்கரையப் போடணும். உன் புருஷன் போனா கையப் பிடிச்சுத் தூக்கட்டும். இவரைப் பத்தி அவருக்குத்தான் தெரியும்."

"நீ சொல்லலையா?"

"எல்லாம் சொன்னேன். இதோட சரி, நான் இனிமே எந்த ஊருக்கும் வரமாட்டேன், என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு அவரு முன்னால நின்னுக்கிட்டுச் சொன்னேன். கொஞ்சம் நகருன்னாரு. டிவி மறைக்குதாம்."

டெல்ஃபினாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அம்பாரோவும் சிரிக்கத்தான் பார்த்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நீ எப்பப் போறே, கோமாத்ரே? ஈஸ்டருக்கா?"

"நான் போகல."

முதல் தடவையாக அது அவள் வாயிலிருந்து சத்தமாக வந்தது. வீட்டுச் சுவரெல்லாம் கேட்டிருக்கும் போலிருந்தது.

அம்பாரோ ஆச்சரியப்படவில்லை. "அவருகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்ல வரும்போதெல்லாம் புல்லு இருக்குங்கறாரு."

"சொல்லு. இல்லன்னா உன்னை எதிர்பார்த்து அங்க பாதி அலமாரியைக் காலியா வச்சிருப்பாரு. நம்ம ஆளுங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாது. யாராச்சும் கூப்பிட்டா போகத் தெரியும்." எழுந்துகொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பானையின் கம்பியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். "இது இனிமே ஊர் ஊராப் போகாது. உங்கிட்டயே இருக்கட்டும். கொஞ்சம் உப்பு கூடப் போடு."

அவளைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு டெல்ஃபினா திரும்பினாள். நசாரியோவின் பை கட்டில்மேல் திறந்து கிடந்தது. சட்டைகளை மடித்து வைத்தாள். முட்டிக்குப் போடும் பட்டி, தைலம், விசில், சவரப் பெட்டி. வழியில் சாப்பிட ரொட்டியில் முட்டை வைத்துச் சுற்றி வைத்தாள். அவன் கேட்காமலே பச்சைச் சட்டையை உறையோடு அடியில் வைத்தாள். சின்னப் பையன்கள் பார்த்தால் மரியாதை கொடுப்பார்கள். பையின் வலது ஓரம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் எது போகும் என்று அவள் கைக்குத் தெரியும். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஜிப்பைப் பாதிவரை மூடினாள்.

பானையைக் கழுவி, பயறைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சின்னத் தீயில் வைத்தாள்.

நசாரியோ வந்தான். காதோரம் புதிதாக வெட்டிய முடி, கழுத்தில் பவுடர். பத்து வயது குறைந்தாற்போலத்தான் இருந்தான். "பீரோ சம்சாரம் வந்துட்டுப் போயாச்சா?" என்றான். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அடுப்பில் பானையைப் பார்த்தான். "அட, இதை அங்கயே விட்டிருக்கலாமே. எப்படியும் நாம..."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை.

உள்ளே போனான். ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. கைவிட்டுத் துழாவும் சத்தமும் கேட்டது. வலது ஓரம், பிறகு இடது ஓரம், சட்டைகளுக்கு அடியில், உறை சரசரத்தது. அப்புறம் அவன் கட்டிலில் உட்காரும் சத்தம். அவள் அடுப்புக்கு எதிரில் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். இப்போது கேட்பான், கேட்டால் சொல்லிவிட வேண்டும், ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தான். அவள் காலில் நீலச் செருப்பு இருந்தது. குதிகால் பக்கம் தேய்ந்து, ஒரு வார் வெளுத்திருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோல்கீப்பர் எந்தப் பக்கம் விழுவான் என்று பார்க்கிற மாதிரி இல்லை. ஆட்டம் முடிந்தபின் பலகையில் எழுதியிருப்பதைப் பார்க்கிற மாதிரி.

அவள் காலை நகர்த்தவில்லை.

பானையில் முதல் கொதி வந்தது. அவன் கை அவள் தோள்வரை வந்தது. தொட்டதா, தொட வந்து நின்றதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு பையின் வாரைச் சரிசெய்துகொண்டு, இடது காலை லேசாக இழுத்துக் கூடத்தைக் கடந்து, கதவைத் தனக்குப் பின்னால் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.